ஏறினால் கொதிக்கும், இறங்கினால் குளிரும்: 1943 டாட்ஜுக்கு ஒரு தெர்மோஸ்டாட் தேடியது

மேட்டுப்பாளையத்திலிருந்து கோயம்புத்தூர் வரை ஓட்டிப் போய்த் திரும்பினாலும் 75 டிகிரியைத் தாண்டாத வண்டி, கல்லாறு தாண்டி மூன்றாவது நான்காவது கொண்டை ஊசி வளைவுக்குள் கொதித்துவிடும். குன்னூரில் ஒரு ராத்திரி நிறுத்திவிட்டுக் காலையில் மலை இறங்கினால் தண்ணீர்ச் சூட்டைக் காட்டும் முள் 50-ஐக்கூடத் தொடாது. ஏறும்போது வெந்நீர், இறங்கும்போது பச்சைத் தண்ணீர். இந்த இரண்டு புகாரையும் சேர்த்து யோசித்திருந்தால் முதல் நாளே விஷயம் பிடிபட்டிருக்கும். நான் ஏறுவதை மட்டும் பார்த்தேன். இறங்குவதை, "மலைக் குளிர், அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிட்டேன். அதில் இரண்டு மாதம் போனது.

வண்டி டாட்ஜ் டபிள்யூசி-51. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்துக்காக 1942-லிருந்து 1945 வரை தயாரான முக்கால் டன் லாரி. போர் முடிந்ததும் இந்த மாதிரி வண்டிகள் டிஸ்போசல் ஏலத்துக்கு வந்தன. உரிமையாளரின் அப்பா அப்படி ஒன்றைப் பிடித்து எஸ்டேட் வேலைக்கு வைத்துக்கொண்டார். இப்போது வேலை ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வெளியே எடுப்பது, எப்போதாவது கீழே போய் உர மூட்டை ஏற்றி வருவது, அவ்வளவுதான்.

இன்ஜின் டி-214. ஆறு சிலிண்டர் பெட்ரோல், 230 கன அங்குலம், லிட்டர் கணக்கில் சுமார் 3.8, 92 குதிரைத்திறன். வால்வுகள் ஹெட்டில் இருக்காது, பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும். அதனால் வெந்து வெளியேறும் புகை பிளாக்கைத் துளைத்துக்கொண்டுதான் போகவேண்டும், அந்தச் சூடு அத்தனையும் தண்ணீரில் இறங்கும். பக்கவாட்டு வால்வு இன்ஜின்களுக்கு எப்போதும் தண்ணீர்ப் பசி அதிகம் என்று பழைய மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான்.

இந்த இன்ஜின் நமக்கு அந்நியமும் அல்ல. இதே குடும்பத்து ஆறு சிலிண்டர் இன்ஜின்கள் பிளிமத், டாட்ஜ் கார்களிலும் இருந்தன. பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் கிரைஸ்லரோடு சேர்ந்து டாட்ஜ், டி சோட்டோ, பார்கோ என்று மூன்று பெயரில் லாரி போட்ட காலம் ஒன்று உண்டு. எழுபது வயது தாண்டிய மெக்கானிக் யாரையாவது பார்த்தால் "பார்கோ" என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறும்.

முதலில் பார்த்த தப்பான இடம்

என்னிடம் வருவதற்கு முன்பே வண்டிக்கு நிறையச் செலவாகியிருந்தது. ரேடியேட்டரை இரண்டு முறை பிரித்து, ஒவ்வொரு குழாயிலும் கம்பி விட்டுச் சுத்தம் செய்திருந்தார்கள். ஹெட் கேஸ்கட் புதிது. வாட்டர் பாடி, அதாவது தண்ணீர் பம்ப், ரீகண்டிஷன் செய்தது. பேன் பெல்ட், டைமிங், கார்புரேட்டர் எல்லாம் சரி. உரிமையாளருக்கு அலுத்துவிட்டது.

"ஏனுங்க தம்பி, மாத்தாம விட்டது நான் ஒருத்தன்தான். என்னையும் மாத்திப் பாத்திருவீங்களா?"

இந்த இன்ஜினில் எல்லோரும் முதலில் சந்தேகப்படும் இடம் ஒன்று உண்டு. பிளாக்குக்குள், வாட்டர் பாடிக்குப் பின்னால், இன்ஜின் நீளத்துக்கு ஒரு தகட்டுக் குழாய் செருகியிருக்கும். பம்ப் தள்ளும் குளிர்ந்த தண்ணீரை அந்தக் குழாய் ஒவ்வொரு எக்ஸாஸ்ட் வால்வு பக்கமும் துவாரம் வழியாகப் பிரித்துக் கொடுக்கும். இரும்புத் தகடு என்றால் காலப்போக்கில் துருப்பிடித்துப் பொடியாகி, முன் சிலிண்டருக்கு மட்டும் தண்ணீர் கிடைத்து, பின் சிலிண்டர்கள் வெந்துகொண்டிருக்கும். அதை உருவ வேண்டுமென்றால் ரேடியேட்டர், பேன், வாட்டர் பாடி மூன்றையும் கழற்றவேண்டும். கழற்றினேன். மூன்று நாள் வேலை. குழாய் பித்தளையில், முன்பே யாரோ நன்றாகச் செய்து போட்டது. துவாரங்கள் எல்லாம் திறந்திருந்தன. அப்படியே திரும்பச் செருகினேன்.

தெர்மோஸ்டாட் என்பது தண்ணீர் சூடானதும் ரேடியேட்டர் பக்கம் வழி திறந்துவிடும் வால்வு. அது உட்காரும் ஹவுசிங்கைத் திறந்தது அதற்கும் பிறகுதான். உள்ளே எதுவும் இல்லை. வெறும் கூடு.

"அதையெல்லாம் எங்கப்பா காலத்துலயே புடுங்கிப் போட்டாச்சுங்க. நம்மூரு வெயிலுக்கு அது எதுக்கு?" என்றார் அவர்.

இந்தப் பேச்சு எல்லாப் பட்டறையிலும் உண்டு. வண்டி ஹீட் ஆகிறது என்றால் முதல் வைத்தியம் தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறிவது. தடையாக இருப்பது போனால் தண்ணீர் தாராளமாக ஓடும் என்ற கணக்கு. சில இன்ஜின்களில் அந்தக் கணக்கு ஓரளவு சரியாகவும் வரும். கூலாக ஓடிக்கொண்டே இருந்தால் எண்ணெயில் பெட்ரோல் கலப்பது, மூடிக்கு அடியில் மோர் நிறத்தில் கசடு கட்டுவது, சிலிண்டர் சீக்கிரம் தேய்வது எல்லாம் பிறகு மெல்ல வரும், அப்போது யாரும் தெர்மோஸ்டாட்டைக் குற்றம் சொல்லமாட்டார்கள். ஆனால் இந்த டாட்ஜில் அந்த வைத்தியமே வியாதி. அது அப்போது எனக்கும் தெரியாது.

சீட்டில் சரியாக இருந்த சாமான்

சரி, இல்லாததை வாங்கிப் போடுவோம் என்று பழைய அமெரிக்க வண்டி சாமான் விற்கும் ஒருவரிடம் சொன்னேன். "டாட்ஜ் ஆறு சிலிண்டர், பக்கவாட்டு வால்வு" என்றதும் உடனே ஒன்று அனுப்பினார். தட்டையான சாதாரண வகை, 82 டிகிரி. விளிம்பு ஹவுசிங்கின் பள்ளத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது. கேஸ்கட் வைத்து இறுக்கி, வண்டியை எடுத்தோம்.

குளிர்ப் பிரச்சினை போய்விட்டது. காலையில் ஸ்டார்ட் செய்து சில நிமிடத்தில் முள் 80-க்கு வந்து நின்றது. எனக்கு ஒரே சந்தோஷம். அந்தச் சந்தோஷம் கல்லாறு வரைக்கும்தான். ஏற்றத்தில் முன்பு எங்கே கொதித்ததோ அதற்கு ஒரு வளைவு முன்னாலேயே கொதித்தது.

அன்றைக்கு ரோட்டோரம் கல் முட்டுக்கொடுத்து நிறுத்தி, பானட்டைத் திறந்து வைத்து, அகச்சிவப்பு வெப்பமானியை எடுத்தேன். துப்பாக்கி மாதிரி இருக்குமே, அது. இதில் ஒரு சின்ன விஷயம்: பளபளப்பான பித்தளை மேலோ அலுமினியம் மேலோ அதைக் காட்டினால் பொய் சொல்லும், குறைத்துக் காட்டும். அளக்கவேண்டிய இடத்தில் எல்லாம் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி, அதன் மேல் அளக்கவேண்டும். ஒட்டிக்கொண்டுதான் வந்திருந்தேன். ஏற்றத்தை விட்டுவிடாமல், அடுத்த முயற்சியில் கொதிக்கும் நிலைக்குச் சற்று முன்னால் நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டே எடுத்த அளவுகள் இவை. ஹெட்டிலிருந்து தண்ணீர் வெளியே வரும் இடம் 96. ரேடியேட்டர் மேல் தொட்டி 95. ரேடியேட்டரிலிருந்து கீழே இறங்கும் ஹோஸ் 68. பம்ப் உடம்பு 80.

இந்த நான்கு எண்களை ஒரு சிகரெட் அட்டையில் எழுதி வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தேன்.

ரேடியேட்டர் கெட்டிருந்தால் 95-இல் உள்ளே போவது 88, 90-இல் வெளியே வரும். வாங்கிய சூட்டை இறக்க முடியாமல் தண்ணீர் அப்படியே திரும்பிவிடும். இங்கே 27 டிகிரி இறங்கியிருக்கிறது. நல்ல நிலையில் ஓடும் வண்டியில் மேலுக்கும் கீழுக்கும் வித்தியாசம் பெரும்பாலும் 10 டிகிரிக்குள் இருக்கும். இத்தனை இறங்குகிறது என்றால் ரேடியேட்டர் அபாரமாக வேலை செய்கிறது, ஆனால் அதற்குள் போதிய தண்ணீர் போகவில்லை. சரி, பம்ப் குறைவாகத் தள்ளுகிறதா? அப்படியென்றால் பம்ப் உடம்பும் 68-க்குப் பக்கத்தில்தானே இருக்கவேண்டும்? கீழ் ஹோஸிலிருந்து 68-இல் வரும் தண்ணீர் பம்புக்குள் எப்படி 80 ஆகிறது? வேறு எங்கிருந்தோ சுடுதண்ணீர் வந்து கலக்கிறது.

எங்கிருந்து என்பது கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது. தெர்மோஸ்டாட் ஹவுசிங்கின் பக்கத்திலிருந்து வாட்டர் பாடியின் தலைக்கு இறங்கும் ஒரு குட்டை ஹோஸ். பைபாஸ். அதன் மேல் டேப் ஒட்டி அளந்தேன்: 96.

கணக்கு எளிது. 68-ம் 96-ம் கலந்து 80 வருகிறது என்றால் கலவையில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு பைபாஸ் தண்ணீர். பம்ப் தள்ளுவதில் அத்தனையும் ரேடியேட்டர் பக்கமே போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றி வருகிறது. மேலோட்டமான அளவுதான், உடம்புச் சூட்டைத்தான் எடுத்தேன், உள்ளே ஓடும் தண்ணீரை அல்ல. ஆனாலும் பாதி உண்மை என்றாலே போதும், ஏற்றத்தில் கொதிப்பதற்கு.

அந்தச் சிறிய ஹோஸ் எதற்கு

இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது தெர்மோஸ்டாட் மூடியிருக்கும். பம்ப் ஓடுகிறது, தண்ணீருக்கு வெளியே போக வழியில்லை. அப்போது பைபாஸ் வழியாகப் பம்புக்கே திரும்பி வந்து, பிளாக்கைச் சுற்றிச் சுற்றி ஓடிச் சீராகச் சூடாக்கும். இல்லையென்றால் எக்ஸாஸ்ட் வால்வு பக்கம் ஒரு இடம் கொதிக்க, தெர்மோஸ்டாட் இருக்கும் இடத்துக்கு அந்தச் சேதியே போய்ச் சேராது. ஆக, பைபாஸ் தேவை. சூடான பிறகு அதே பைபாஸ் திருட்டு வழி. தண்ணீர் எப்போதும் தடை குறைந்த பக்கம் போகும். ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள் நுழைந்து வருவதைவிட இந்தக் குட்டை ஹோஸில் இறங்குவது சுலபம்.

அதனால் இந்த இன்ஜினைச் செய்தவர்கள் இரட்டை வேலை செய்யும் தெர்மோஸ்டாட் போட்டிருந்தார்கள். வால்வோடு சேர்த்து ஒரு வளையம், பாவாடை மாதிரி, கூடவே நகரும். வால்வு ரேடியேட்டர் பக்கம் திறக்கத் திறக்க, அந்த வளையம் பைபாஸ் வாசலை மூடிக்கொண்டே வரும். ஒன்று திறந்தால் மற்றது மூடும்.

அப்பா காலத்தில் பிடுங்கி எறிந்தது அதைத்தான். அன்றிலிருந்து பைபாஸ் நிரந்தரமாகத் திறந்தே கிடந்தது. சமவெளியில் மிச்சமிருந்த தண்ணீரே போதும். இறக்கத்தில் இன்ஜினுக்கு வேலையில்லை, ரேடியேட்டர் வழியும் அடைப்பில்லாமல் திறந்திருப்பதால் குளிர்ந்துவிடும். ஏற்றத்தில் மட்டும் பற்றாது. நான் வாங்கிப் போட்ட தட்டை வால்வு இறக்கத்துக் குளிரை நிறுத்தியது, பைபாஸைத் தொடவில்லை, போதாக்குறைக்கு ரேடியேட்டர் பக்கம் கொஞ்சம் தடையும் சேர்த்தது. ஒரு வளைவு முன்னாலேயே கொதித்ததற்குக் காரணம் அதுதான்.

விற்றவர் ஏமாற்றவில்லை. இந்த இன்ஜின் குடும்பத்தில் 50-களில் பைபாஸை வெளியே ஹோஸாக விடாமல் உள்ளேயே சின்ன வழியாக மாற்றிவிட்டார்கள். அந்தப் பின்னாள் இன்ஜினுக்குத் தட்டை வால்வுதான் சரி. எண்ணிக்கையில் அவையே அதிகம் மிஞ்சியிருப்பதால் சாமான் பட்டியலில் முந்தையதும் பிந்தையதும் ஒரே வரியில் போய்விட்டன. விளிம்பும் ஒன்றாகவே இருப்பதால் உட்காரவும் செய்கிறது. உட்காராமல் இருந்திருந்தால் எனக்கு ஒரு மாதம் மிச்சமாகியிருக்கும்.

உறுதிசெய்ய ஒரு சோதனை. பைபாஸ் ஹோஸைக் கழற்றி, அதன் உள்வாய்க்கு ஒரு செம்புத் தகடு வட்டமாக வெட்டி, நடுவில் 6 மி.மீ. துவாரம் போட்டுச் செருகினேன். (பழைய ஒரு ரூபாய் நாணயம் அளவில் ஏறக்குறையச் சரியாக இருந்தது, பையன் துளைபோடவும் தயாராக இருந்தான். நாணயத்தைச் சிதைப்பது சட்டப்படி குற்றம் என்று சொல்லிப் பிடுங்கி வைத்தேன்.) அதே தட்டை வால்வு, அதே ஏற்றம், அதே மூட்டைகள். முள் 92-க்குப் போனது, அங்கேயே நின்றது. குன்னூர் வரை கொதிக்காமல் போய்ச் சேர்ந்தோம். உரிமையாளர் வண்டியை நிறுத்தியதும் முதலில் ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தார்.

இதோடு விட்டிருக்கலாம். பலர் இப்படித்தான் விட்டுவிடுகிறார்கள், வண்டியும் ஓடுகிறது. எனக்கு இரண்டு விஷயம் உறுத்தியது. பைபாஸை இத்தனை சுருக்கிவிட்டால் காலைக் குளிரில் ஸ்டார்ட் செய்யும்போது பிளாக்குக்குள் தண்ணீர் சரியாகச் சுற்றாது. இரண்டாவது, 92 என்ற எண். கீழே அது ஒன்றுமில்லை. குன்னூரில் அது கொதிநிலைக்கு இரண்டு டிகிரி பக்கம்.

எந்த டிகிரி

ஒவ்வொரு 300 மீட்டர் ஏறினாலும் தண்ணீரின் கொதிநிலை சுமார் 1 டிகிரி குறையும். 1,800 மீட்டரில் 94 டிகிரியிலேயே கொதிக்கும். ஊட்டியில் இன்னும் ஒன்றரை டிகிரி முன்னால். ரேடியேட்டரை அழுத்தத்தில் அடைத்துக் கொதிநிலையை உயர்த்தும் அழுத்த மூடி உள்ள வண்டிக்கு இது பிரச்சினை இல்லை. இந்த வண்டியில் இருப்பது அழுத்தம் தாங்காத சாதாரண மூடி. ரேடியேட்டர் எண்பது வருஷத்து ஈயப் பற்றுகளோடு இருக்கிறது. அதில் அழுத்த மூடி போட்டு எந்தப் பற்று முதலில் விடும் என்று பார்க்க எனக்கு ஆசையில்லை.

தெர்மோஸ்டாட்டில் அடித்திருக்கும் எண் திறக்க ஆரம்பிக்கும் சூடு. முழுதாகத் திறப்பது அதற்கு மேல் 12, 13 டிகிரி தாண்டித்தான். 82 என்று அடித்த வால்வு முழுசாகத் திறக்க 95 வேண்டும். குன்னூரில் தண்ணீர் 94-இல் கொதித்துவிடும். அதாவது அந்த வால்வு அங்கே ஒருநாளும் முழுதாகத் திறக்காது! தட்டை வால்வைக் கையில் வாங்கியபோதே இந்தக் கணக்கைப் போட்டிருக்கவேண்டும்.

அந்தக் காலத்து அமெரிக்க வண்டிகளில் 160 பாரன்ஹீட், அதாவது 71 டிகிரி வால்வு சகஜம். குளிர் நாட்டில் அப்போது தண்ணீர் உறையாமலிருக்க ஆல்கஹால் ஊற்றுவார்கள். சூடு ஏறினால் ஆவியாகிப் போய்விடும் என்பதால் குறைந்த டிகிரி. நமக்கு ஆல்கஹால் இல்லை, மலை இருக்கிறது. காரணம் வேறு, விடை ஒன்றுதான்: 71.

தேடியது

சென்னையில் புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் இரண்டு நாள் அலைந்தேன். எல்லாக் கடையிலும் முதல் கேள்வி, "வண்டி என்ன மாடல்?" டாட்ஜ், 1943 என்றதும் சிரிப்பு. மாடலைச் சொல்லி இதை வாங்க முடியாது என்று இரண்டாம் நாள் மத்தியானம்தான் புரிந்தது. அதற்குள் ஒரு அதிர்ஷ்டமும் அடித்தது. ஒரு பெரியவர் மச்சுப்படிக்குக் கீழிருந்து ஒரு தகர டப்பா எடுத்து வந்தார். உள்ளே மெழுகுத்தாள் சுற்றி, பயன்படுத்தாத பித்தளைத் தெர்மோஸ்டாட். வளையத்தோடு. நான் தேடியதேதான். சொன்ன விலையைக் கொடுத்து வாங்கிக்கொண்டு ஓடிவந்தேன்.

பட்டறைக்கு வந்து வெளிச்சத்தில் பார்த்தபோதுதான் சந்தேகம் வந்தது. அறைச் சூட்டிலேயே வால்வு திறந்திருந்தது.

அந்தக் கால வகை இது: பித்தளைத் தகட்டில் ஆர்மோனியம் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பாக ஒரு குப்பி, அதற்குள் சீக்கிரம் ஆவியாகும் திரவம் கொஞ்சம். காற்றை எடுத்துவிட்டு அடைத்திருப்பார்கள். ஆறியிருக்கும்போது உள்ளே வெற்றிடம், துருத்தி சுருங்கி வால்வை மூடி வைக்கும். சூடானால் திரவம் ஆவியாகி விரிந்து திறக்கும். எங்காவது பொத்தல் விழுந்தால் வெற்றிடம் போய்விடும், துருத்தி தன் வசத்தில் நீண்டு திறந்தே நிற்கும். கெட்டாலும் இன்ஜினைக் காப்பாற்றும்படியான கேடு, அதில் எனக்கு அந்த வடிவமைப்பின் மேல் மரியாதை உண்டு. ஆனால் கையில் இருந்தது செத்த துருத்தி. வாளித் தண்ணீருக்குள் அமுக்கினேன். பற்றுவைத்த ஓரத்திலிருந்து ஒரு குமிழி, கொஞ்சம் நேரம் கழித்து இன்னொன்று. டப்பாவை விட்டு வெளியே வராமலேயே ஆயுள் முடிந்திருக்கிறது.

பழைய சரக்கு, பிரிக்காத பெட்டி என்றால் நம்பி வாங்கிவிடுகிறோம். துருத்தி வகையில் பெட்டிக்கு மதிப்பில்லை. கடையிலேயே பார்த்துவிடலாம்: அறைச் சூட்டில் இறுக மூடியிருக்கவேண்டும். நம் ஊர் மதிய வெயிலில்கூட அது திறக்கக்கூடாது. திறந்திருந்தால் கீழே வைத்துவிட்டு வரலாம்.

செத்ததுதான் என்றாலும் பணம் வீண் போகவில்லை. வளையத்தின் உயரம், விட்டம், விளிம்பிலிருந்து எத்தனை கீழே தொடங்குகிறது என்று எல்லா அளவும் அதிலிருந்து கிடைத்தன.

செய்தது

இன்றைய தெர்மோஸ்டாட்டில் துருத்தி இல்லை, மெழுகு. செர்ஜியஸ் வெர்னே என்பவர் 1930-களில் அமெரிக்காவில் கொண்டுவந்த முறை. சின்னச் செம்புக் குப்பிக்குள் செம்புத்தூள் கலந்த மெழுகு. உருகும்போது விரிந்து ஒரு ஊசியைத் தள்ளும், அந்தத் தள்ளலில் வால்வு திறக்கும். துருத்தி மாதிரி தண்ணீர் அழுத்தத்துக்கு ஏமாறாது. டீசல் லாரிகளுக்கு வரும் மெழுகு வகையில் பலவற்றுக்கு அடியில் ஒரு தட்டு இருக்கும். வால்வு திறக்கும்போது அந்தத் தட்டு கீழே இறங்கிப் பைபாஸை மூடும். வேலை அதேதான், ஆனால் அங்கே பைபாஸ் வாசல் நேர் அடியில் இருக்கும். டாட்ஜில் பக்கச் சுவரில். தட்டு உதவாது, வளையம்தான் வேண்டும்.

விளிம்பு பொருந்துகிற, 71 டிகிரியில் அடித்தட்டு உள்ள லாரி வால்வுகள் இரண்டு வாங்கினேன். தட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் லேத்தில் கடைந்த பித்தளை வளையத்தை மாட்டுவது திட்டம்.

முதல் வால்வை நானே கொன்றேன். வளையத்தை ஈயம் வைத்துப் பற்றவைக்கலாம் என்று நினைத்து, ஈரத்துணி சுற்றித்தான் சூடு காட்டினேன். ஒரு நிமிடம் அதிகமாகிவிட்டது. ஊசி பக்கத்திலிருந்து மெழுகு ஒரு சொட்டு வெளியே வந்தது. அதற்குப் பிறகு அது எந்தச் சூட்டிலும் அசையவில்லை.

இரண்டாவதில் நெருப்பே காட்டவில்லை. வளையத்துக்கு உள்ளே மூன்று கால் உள்ள ஒரு பாலம் விட்டுக் கடைந்து, அடித்தட்டு உட்கார்ந்திருந்த தண்டில் செருகி, பழைய ஸ்பிரிங்கையும் கிளிப்பையும் வைத்தே பிடிக்கவைத்தேன். ஹவுசிங் சுவருக்கும் வளையத்துக்கும் சுற்றிலும் 0.4 மி.மீ. இடைவெளி. முதலில் 0.2 வைத்துப் பார்த்தேன். வார்ப்பிரும்பு ஹவுசிங் எண்பது வருஷத்தில் கொஞ்சம் கோணியிருக்கிறது, ஒரு பக்கம் உரசியது. வளையம் சிக்கிக்கொண்டால் வால்வும் சிக்கும், அதைவிடக் கொஞ்சம் ஒழுகுவது மேல்.

அப்புறம் ஒரு கணக்குச் சிக்கல். பைபாஸ் வாசலின் உயரம் 9 மி.மீ. மெழுகு வால்வு முழுதாகத் திறந்தால் நகர்வது 8 மி.மீ. வளையம் வாசலின் மேல் விளிம்பிலிருந்து புறப்பட்டால் 1 மி.மீ. பிளவு எப்போதும் மீதி. அதனால் வளையத்தைக் கொஞ்சம் தாழ்த்தி, ஆறிய நிலையிலேயே வாசலை 1.5 மி.மீ. மறைக்கும்படி வைத்தேன். மீதி 7.5 மி.மீ. வாசல் சூடாகும் நேரத்துக்குத் தாராளம்.

பொருத்துவதற்கு முன் பாத்திரச் சோதனை. வால்வின் வாயில் ஒரு தையல் நூலைக் கவ்வக் கொடுத்து, நூலைப் பிடித்துத் தண்ணீருக்குள் தொங்கவிடவேண்டும், அடியைத் தொடக்கூடாது. பக்கத்தில் வெப்பமானி. அடுப்பை மெல்ல எரியவிட்டுக் கலக்கிக்கொண்டே இருந்தால், திறக்க ஆரம்பிக்கும் நொடியில் வால்வு நூலை விட்டு விழும். 72-இல் விழுந்தது. 84-இல் முழுதாகத் திறந்து வளையம் அடிக்குப் போயிருந்தது. ஆறவிட்டு மூன்று முறை செய்தோம். மூன்று முறையும் ஒரு டிகிரிக்குள்.

விளிம்பில் காற்று போக 3 மி.மீ. துவாரம் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டோம். அது இல்லாவிட்டால் தண்ணீர் நிரப்பும்போது வால்வுக்கு அடியில் காற்று தங்கி, மெழுகுக் குப்பிக்கு ஆவிதான் படும், தண்ணீர் படாது. துவாரத்தை மேட்டுப் பக்கம் வைத்து இறுக்கினோம். பைபாஸ் ஹோஸில் வைத்திருந்த செம்புத் தகட்டை எடுத்துவிட்டோம். மறந்து விட்டிருந்தால் இவ்வளவு வேலையும் கேலியாகியிருக்கும்.

ஏறியது

மே மாதம், மேட்டுப்பாளையத்தில் வெயில் கொளுத்திய ஒரு மத்தியானம், 10 உர மூட்டையோடு கிளம்பினோம். கல்லாறு வரை 76. ஏற்றத்தில் மூன்றாவது, இரண்டாவது கியர் மாறி மாறி. 14 வளைவுகளிலும் முள் 80-க்கும் 86-க்கும் நடுவே. ஒரு பஸ்ஸுக்கு வழிவிட்டு ஏற்றத்திலேயே ஐந்து நிமிடம் நின்றபோது 88 வரை போய்த் திரும்பியது. நடுவில் இறங்கி டேப் ஒட்டிய இடங்களை அளந்தேன். ஹெட் வெளியே 85, ரேடியேட்டர் கீழ் ஹோஸ் 75, பம்ப் 76. பம்புக்கும் கீழ் ஹோஸுக்கும் இருந்த 12 டிகிரி வித்தியாசம் 1 ஆகிவிட்டது. எனக்கு அந்த ஒரு எண் போதும், மேலே போகாமல் அங்கேயே திரும்பியிருப்பேன்.

மறுநாள் காலை இறக்கத்தில் 70-க்குக் கீழே போகவில்லை.

இதே மாதிரி பழைய இன்ஜினுக்கு வால்வு தேடுகிறவர்களுக்கு ஒன்று. கடைக்குப் போகும்போது உள்ளேயிருந்து எடுத்த வால்வைச் சாம்பிளாகக் கொண்டுபோகாதீர்கள். அதைப் போட்டவரும் நம்மைப் போல ஒருவர்தான். ஹவுசிங்கைக் கழற்றிக் கொண்டுபோங்கள். விளிம்புப் பள்ளத்தின் விட்டமும் ஆழமும், உள்ளே எத்தனை ஆழம் இடமிருக்கிறது, பைபாஸ் வாசல் அடியிலா பக்கத்திலா, பக்கத்தில் என்றால் விளிம்பிலிருந்து எத்தனை கீழே, எத்தனை உயரம் என்று அதில் எல்லாம் எழுதியிருக்கிறது. பைபாஸே இல்லாத ஹவுசிங் என்றால் பாதிக் கவலை விட்டது, தட்டை வால்வு போதும். டிகிரி கடைசியில்.

எங்கள் ஹவுசிங்கின் போல்ட் ஒன்றில் ஒரு சின்ன அலுமினியத் தகடு கட்டியிருக்கிறேன். "உள்ளே வளையம் உண்டு. பிடுங்காதே" என்று எழுத்து அடித்து.

போன வாரம் உரிமையாளர் போன் செய்தார். குரலில் கவலை.

"தம்பி, முள்ளு ஒரே எடத்துல நிக்குதுங்க. ஏறினாலும் அங்கதான், எறங்கினாலும் அங்கதான். மீட்டரு போயிருச்சுன்னு நெனைக்கிறேன். கழட்டி அனுப்பட்டுங்களா?"